மூன்று சுற்று

ஜனவரி பிறந்தால் எனக்கு ஒரு வியாதி வரும். பொங்கல் சமயத்தில் முற்றி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மூன்று மணி நேரம் சுற்றி, இரண்டு கையிலும் பை கனத்து, கடைசியாக ஒரு டெல்லி அப்பளத்தை வாங்கி நொறுக்கியதும் தணிந்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. நான் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த பிறகு, அங்கே போகாமல் விட்ட வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்குவதில் ஒரு குறையும் வைத்ததில்லை. படிப்பதில்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

போன வருடம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலமாரியைக் காலி செய்தோம். என் மனைவி தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாகத் தூசி தட்டி, சிலதை மட்டும் தனியாக அடுக்கினாள். பழைய பேப்பர்காரருக்குப் போடப் போகிறாளோ என்று பதறி ஓடி வந்தேன்.

"நாப்பத்தி மூணு" என்றாள்.

"என்ன நாப்பத்தி மூணு?"

"நீங்க வாங்கி இன்னும் ஒரு பக்கம்கூடப் புரட்டாத புத்தகம். இதுல ரெண்டை, வாங்கினதே மறந்துபோய் மறுபடியும் வாங்கியிருக்கீங்க."

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

"எங்க நேரம் இருக்கு?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாற்பத்து மூன்றையும் அலமாரியில் என் கண்ணுக்கு நேராக வருகிற தட்டில் அடுக்கி வைத்தாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நேரம் இல்லை என்பது முழுப் பொய்யும் இல்லை. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவதில் தொடங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு கேட் பூட்டுவது வரை ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆபீஸ், ரேஷன், ஈ.பி. பில், பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். ஆனால், செல்போனில் ஒரு வசதி வைத்திருக்கிறான் பாருங்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அதை நோண்டினோம் என்று அதுவே கணக்குச் சொல்லும். ஒருநாள் என் பெண் அதைத் திறந்து காட்டினாள். மூன்று மணி பத்து நிமிஷம். அதில் பாதி, யார் யாரோ அனுப்பிய 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூக்களைப் பார்த்ததும், நாற்பது வருஷம் முன்னால் வந்த சினிமாவின் காமெடிக் காட்சிகளைத் திரும்பப் பார்த்ததும்.

"அப்பா, உனக்கு நேரமே இல்லைன்னு சொன்னே?" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. ஆதாரத்தோடு வந்து நிற்கிறார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். நாங்கள் இருப்பது குரோம்பேட்டை. ஆபீஸ் பாரிமுனையில். பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. அதில் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கள், சீட்டு ஆடியவர்கள், காய்கறி நறுக்கியவர்கள் எல்லோரும் போய், இப்போது பெட்டி முழுக்கக் குனிந்த தலைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். நானும் அதில் ஒரு தலையாகத்தான் இருந்தேன். ஒரு திங்கள்கிழமை, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, நாற்பத்து மூன்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

முதல் நாள் ஒரு பக்கத்தை நான்கு தடவை படித்தேன். மீனம்பாக்கம் வருவதற்குள் கை இரண்டு முறை பைக்குப் போய்விட்டுத் திரும்பியது. புகையிலையை விட்டவர் வெறும் வாயை மெல்லுவாரே, அந்த மாதிரி. நாலைந்து நாள் கழித்துத்தான் கண் வரிகளில் நின்றது. கிண்டியில் கூட்டம் கொஞ்சம் இறங்கும். உட்கார இடம் கிடைத்தால் நுங்கம்பாக்கமும் சேத்துப்பட்டும் வந்ததே தெரியாது. இரண்டாவது வாரம் ஒருநாள், சைதாப்பேட்டைக்கும் எழும்பூருக்கும் நடுவில் கதையில் ஒரு கிழவர் செத்துப் போனார். பீச் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் வரைக்கும் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. காலேஜ் நாட்களுக்குப் பிறகு அப்படி ஒரு துக்கத்தை அனுபவித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக வர இருபது பக்கம். வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலும் ஆறாயிரம் பக்கம். முந்நூறு பக்கப் புத்தகம் இருபது. தனியாக நேரம் தேடாமல், எப்படியும் ரயிலில் தொலைக்கப் போகிற நேரத்திலேயே இருபது புத்தகம்!

இது ஒன்றும் புதிதில்லை. தமிழர்கள் பெரிய நாவல்களைப் படித்ததே இப்படித்தான். 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்தது. ஐந்து பாகம். அதை யாரும் லீவு போட்டு உட்கார்ந்து படிக்கவில்லை. வாரத்துக்குச் சில பக்கம், மூன்றரை வருஷம். அடுப்பில் உலை கொதிப்பதற்குள், பஸ் வருவதற்குள், பிள்ளை தூங்கி எழுவதற்குள் என்று படித்தார்கள். வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்து பைண்டு செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிற பழக்கம் நம் பாட்டிகளுக்கு இருந்தது. நாம்தான், 'படித்தால் ஒரே மூச்சில், மலைமேல் ஒரு காட்டேஜ் எடுத்து' என்று கற்பனை செய்துகொண்டு, ஒன்றும் படிக்காமல் இருக்கிறோம்.

மூன்று மாதத்தில் ஐந்து புத்தகம் முடித்தேன். சும்மா இருக்க முடியுமா? ஆபீஸில் சொன்னேன். மாடிக் குடித்தனக்காரரிடம் சொன்னேன். மின்சார ரயிலின் மகிமை பற்றிக் கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஒரு ராத்திரி சாப்பிடும்போது வீட்டிலும் ஆரம்பித்தேன்.

"நேரம் இல்லைங்கிறதெல்லாம் சும்மா. மனசு வெச்சு ஒதுக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

என் மனைவி பெண்ணுக்குத் தோசை போட்டுக்கொண்டிருந்தாள். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜனவரியில் என்னோடு புத்தகக் காட்சிக்கு வந்தபோது, அவளாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு நாவல் வாங்கியிருந்தாள். அது ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. நான் உற்சாகத்தில் அதை எடுத்துப் பிரித்தேன். அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தாள். பக்கம் முப்பத்தெட்டு. அப்போது ஜூலை மாதம்.

"என்ன நீ, ஆறு மாசத்துல முப்பத்தெட்டு பக்கமா? ஒதுக்கணும்மா, நேரம் ஒதுக்கணும்."

தோசையைத் திருப்பிப் போட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், கோபம் துளியும் இல்லாத குரலில் சொன்னாள்:

"சரிங்க. ஒதுக்கித் தாங்க."

அவ்வளவுதான். பெண் தோசை கேட்டாள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை.

படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. வீட்டில் படிக்கிற பெண் என்றால் எனக்கு ஞாபகம் வருவது அம்மா. எங்கள் ஊர் மன்னார்குடி. புத்தகத்துக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பீச்-தாம்பரம் ரயில் ஓடத் தொடங்கிய அதே 1931-ல்தான், மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கனகசபைப் பிள்ளை என்கிற பொறியாளர் செய்த ஏற்பாடு அது. வயலில் வேலை செய்கிறவனுக்கு நூலகத்துக்கு வர நேரமில்லை என்றால், நூலகம் அவனைத் தேடிப் போகட்டுமே என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

நான் பிள்ளையாக இருந்தபோது மாட்டு வண்டி இல்லை. சைக்கிள் வந்தது. கேரியரில் காக்கிப் பை. திங்கள்கிழமை காலையில் வாசலில் மணி அடிக்கும். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவர். வாரப் பத்திரிகைகள், மாத நாவல்கள், தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த தடித்தடி வால்யூம்கள். அந்த வால்யூம்களில் கதைக்கு நடுவே ஜோக்கும், சோப்பு விளம்பரமும் சேர்ந்தே இருக்கும். அம்மா ஒரு வாரத்துக்கு ஒன்று எடுப்பாள். அடுத்த திங்கள் திருப்பித் தராவிட்டால் நாள் கணக்கில் கூடுதல் வாடகை. அப்பா சம்பளத்தில் கூடுதல் என்கிற வார்த்தைக்கே இடமில்லை.

அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. அவர் படித்து நான் பார்த்தது தினத்தாள் மட்டும்தான், அதுவும் டீக்கடையில். வீட்டிலே பேச்சுக் குறைவு. ஆனால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அவருக்கு ஏதோ வந்துவிடும். வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, "கிளம்புங்க" என்பார். அக்காவையும் என்னையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு தெப்பக்குளத்துக்குப் போவார்.

மன்னார்குடித் தெப்பக்குளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹரித்ராநதி என்று பெயர். குளத்துக்கு நதி என்று பெயர் வைக்கிற அளவுக்குப் பெரிது. நடுவில் ஒரு கோயில். நாலு கரையும் நடந்து வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். எங்கள் வீடு மேல்கரையை ஒட்டிய சந்தில். ஒரு சுற்று முடிந்தால் சந்து முனைக்கே வந்துவிடுவோம். அப்பா அங்கே நின்று வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். பிறகு, "இன்னும் ஒரு சுத்து போவோம்" என்பார். சில நாள் இரண்டு சுற்று. பல நாள் மூன்று. மழைக்காலத்தில் ஒருதடவை நான்கு சுற்றுப் போனது ஞாபகம் இருக்கிறது. நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார்.

எனக்கு அந்த நடை துளியும் பிடிக்காது. காரணம், பக்கத்து வீட்டில் புதிதாக டி.வி. வாங்கியிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷனில் சினிமா போடுவார்கள். தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் இருக்கும். எங்களை மட்டும் அப்பா குளத்தைச் சுற்ற இழுத்துக்கொண்டு போவார். மறுநாள் ஸ்கூலில் எல்லோரும் சண்டைக் காட்சி பற்றிப் பேசும்போது நான் வாயைத் திறக்க முடியாது. "எங்கப்பாவுக்கு டி.வி. பிடிக்காது. குளம்னா பைத்தியம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதுவரையிலும், அதற்குப் பிறகும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தோசைப் பேச்சு நடந்த சமயத்தில்தான் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்களோடுதான் இருக்கிறாள். இரண்டு வகைச் சொட்டு மருந்து. ஒன்று விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது விட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ராத்திரி மருந்து என் பொறுப்பு. அந்த ஐந்து நிமிஷம் அம்மா கண்ணை மூடிப் படுத்திருப்பாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் வேறு இல்லை.

அடுத்த நாள் ராத்திரி, முதல் சொட்டு விட்ட பிறகு கேட்டேன்.

"ஏம்மா, அவ்வளவு தடித் தடிப் புத்தகமெல்லாம் எப்பம்மா படிச்சே? வீட்டு வேலை, மாடு, தாத்தா பாட்டி, நாங்க ரெண்டு பேரு... உனக்கு எங்க நேரம் கிடைச்சுது?"

"எங்க கிடைச்சுது! அடுப்படியில ஒரு பக்கம், அரை பக்கம் பாப்பேன். ஞாயித்துக்கிழமைதான் ஒழுங்காப் படிக்கிறது. நீங்க குளத்துக்குப் போயிருவீங்கள்ல, அப்ப."

"ஆமா, நல்லவேளை. அப்பாவுக்குக் குளம்னா உசிரு."

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"யாரு, உங்கப்பாவுக்கா? குளமா? அந்த மனுஷனுக்கு நடக்கவே பிடிக்காதுடா. கடையில காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்ன காலு. நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்கும். ராத்திரி நான்தான் எண்ணெய் போட்டு நீவி விடுவேன். கடைக்காரங்களுக்கு அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணுதான் உக்கார்ற நாளு."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு மூணு சுத்து சுத்தினாரு?"

"நான் படிச்சு முடிக்கணும்ல?"

கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

"மறுநாள் புஸ்தகக்காரன் வந்துருவானே. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்தா என்னைப் படிக்க விடுவீங்களா? அம்மா தண்ணி, அம்மா பசி, அம்மா அக்கா அடிச்சுட்டா. ஒருநாளு சும்மா கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்து பாத்தப்ப நான் திண்ணையில உக்காந்து படிச்சிட்டிருந்தேன். நிமிரக்கூட இல்லையாம். அப்படியே உங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் வாரா வாரம் போனாரு. நான் முடிச்சதும் எந்திரிச்சு வாசல் விளக்கைப் போடுவேன். முனையில நின்னு பாப்பாரு. விளக்கு எரிஞ்சா வருவாரு. இல்லேன்னா இன்னொரு சுத்து."

"நீ சொல்லி வெச்சியா, விளக்கு போடறேன்னு?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அவரும் ஒண்ணும் கேக்கலை. இதையெல்லாம் போய் யாராவது பேசுவாங்களா?" என்றாள். பிறகு, "அஞ்சு நிமிஷம் ஆச்சா பாரு" என்றாள்.

ஆகியிருந்தது. இரண்டாவது சொட்டை விட்டேன். என் கை சரியாக நிற்காததால் முதல் துளி கன்னத்தில் விழுந்தது.

அன்று ராத்திரி அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. கால் வலித்து உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் வேர்க்கடலையைத் தின்றுகொண்டே, 'எப்பப்பா வீட்டுக்குப் போறது?' என்று நச்சரித்துக்கொண்டிருந்தோம்.

நூலகத்துறையில் இருப்பவர்கள் எஸ்.ஆர்.ரங்கநாதனை அறிவார்கள். சீர்காழிக்காரர். 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். சேர்ந்த புதிதில், அந்தத் தனிமை பொறுக்காமல் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்றவர், பிறகு உலகமே எடுத்துப் படிக்கிற அளவுக்கு நூலகவியலில் சாதித்தார். நூலகத்துக்கு ஐந்து விதிகளை அவர் புத்தகமாக எழுதி வெளியிட்டதும் 1931-ல்தான். அதில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. புத்தகம் கேட்டு வந்தவரை மணிக்கணக்கில் காக்க வைக்காதே, அவரே போய் எடுக்கிற மாதிரி அலமாரிகளைத் திறந்து வை, தேடியது கையில் கிடைக்கிற மாதிரி பட்டியலை ஒழுங்கு செய் என்று அதிலிருந்து எத்தனையோ வேலைகள் கிளைத்தன.

எங்கள் அப்பாவுக்கு ரங்கநாதன் யார் என்றே தெரியாது. ஆனால், நான்காவது விதியை அவர் காலால் கடைப்பிடித்திருக்கிறார்.

என் பெருமையையும் அன்றைக்குக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். தினமும் காலையில் ஒரு டிபன் பாக்ஸையும் ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன். அந்த டிபன் பாக்ஸ் தானாக நிரம்பியதில்லை. பெண்ணுக்குத் தலை பின்னி, வேனில் ஏற்றி, அம்மாவுக்குக் காலை மாத்திரை கொடுத்து, கேஸ்காரனுக்குப் போன் செய்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு என் மனைவி பள்ளிக்கூடம் போகிறாள். ஷேர் ஆட்டோவில் யார் நாவல் படிப்பது? ராத்திரி வந்தால் மூன்று வகுப்புப் பேப்பர் திருத்த வேண்டும். என்னுடைய ஆறாயிரம் பக்கத்தை நானே ரயிலில் கண்டுபிடித்ததாகத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி அவள் கொடுத்தது. கொடுத்தவளிடமே போய், 'நேரம் ஒதுக்கணும்மா' என்று உபதேசம் வேறு!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. "நான் இவளைக் கூட்டிட்டுப் பார்க்குக்குப் போறேன். ஏழு மணிக்குத்தான் வருவோம். ராத்திரிக்கு ஓட்டல்ல வாங்கிட்டு வந்துடறேன். நீ உக்காந்து படி" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, திடீர்னு?"

"சும்மாதான்."

நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. முதல் வாரம் திரும்பி வந்தபோது, புத்தகம் நெஞ்சின் மேல் கவிழ்ந்திருக்க அவள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் டிக்கெட் முப்பத்தெட்டிலேயே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அம்மாதான் மெதுவாகச் சொன்னாள், "விடுடா. மொதல்ல தூக்கம் தீரட்டும். அப்புறம்தான் புஸ்தகம்." இரண்டாவது வாரம் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "சும்மா உக்காந்தா குத்தமா இருக்குங்க. ஏதோ வேலையைத் திருட்டுத்தனமா விட்ட மாதிரி" என்றாள். அந்த வார்த்தை என்னை உறுத்தியது. நான் மூன்று மாதம் ரயிலில் படித்தேன். ஒரு நாள்கூட எனக்குக் குற்றமாகத் தோன்றியதில்லை.

மூன்றாவது வாரம் அம்மா களத்தில் இறங்கினாள். மருமகளின் செல்போனை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "யாரு கூப்பிட்டாலும் குளிக்கிறான்னு சொல்லிடறேன். நீ படி" என்றாள். "ரெண்டு மணி நேரமா அத்தை?" என்று அவள் கேட்க, "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறான்னு சொல்றேன்" என்றாளாம். அன்றைக்குப் பஸ் டிக்கெட் எழுபத்தொன்றுக்கு நகர்ந்தது. அம்மா ஒரு காலத்தில் வாங்கிய கடனை அன்று கொஞ்சம் திருப்பிக் கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

படிக்க நேரம் கண்டுபிடிப்பது எப்படி என்று இப்போது யாராவது கேட்டால், ரயிலைப் பற்றியும் சொல்கிறேன், செல்போனின் ஜிப்பைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டும் உபயோகமான யோசனைகள்தான். கூடவே ஒன்று கேட்கிறேன்: 'உங்க வீட்டுல யாராவது ஒரு புத்தகத்தை முப்பத்தெட்டாம் பக்கத்தில் வெச்சுட்டு நிக்கிறாங்களா, பாருங்க.' சிலர் சிரிக்கிறார்கள். சிலர் யோசிக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை. பார்க்கில் ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண்ணுக்குப் போர் அடித்துவிட்டது. அன்றைக்கு டி.வி.யில் கிரிக்கெட் மேட்ச். "எங்க கிளாஸ்ல எல்லாரும் பாப்பாங்கப்பா. நாளைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

ஏழு மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்கு வந்தோம். அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தேன். ஹாலில் விளக்கு எரிந்தது. பால்கனி விளக்கு போடவில்லை. நாங்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும், சாயங்காலம் கிளம்பும்போது பார்த்திருந்தேன். முடிக்க இன்னும் நாற்பது பக்கம்தான் இருந்தது. இந்நேரம் பத்துப் பக்கம் பாக்கி இருக்கலாம்.

"வா, தெருவை இன்னொரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றேன்.

"கால் வலிக்குதுப்பா" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன். நடந்தோம்.